சர்வருக்குள் போக முடியவில்லையா? ஃபயர்வாலை ஆஃப் செய்யும் முன் இதைப் பாருங்கள்

மாதம் 20ஆம் தேதி, ராத்திரி ஒன்பதரை. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தி.நகர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். "தம்பி, வீட்லேர்ந்து டேலி ஓப்பன் ஆகலப்பா, எதையாவது பண்ணி ஓப்பன் பண்ணிக் குடு." அந்த 'எதையாவது'தான் வில்லங்கம். எதையாவது பண்ணினால் கண்டிப்பாக ஓப்பன் ஆகும். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் பத்து நிமிட வேலை, சார் ரிட்டர்ன் போட்டுவிட்டுத் தூங்கப் போவார், நானும் போவேன், திறந்த போர்ட் மட்டும் திறந்தபடியே கிடக்கும், ஏனென்றால் மறுநாள் காலையில் அதை மூட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வராது.

அம்பத்தூரிலிருந்து பெருங்குடி வரை சில சின்ன கம்பெனிகளின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான சர்வர்கள் எங்குமே கிடையாது. ஒரு ரேக்கில் டேலி ஓடும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இருக்கும், பக்கத்தில் ஈஆர்பி ஓடும் சென்டோஸ் 6, மேலே புதிதாக வாங்கிய உபுண்டு 24.04, கீழே ஒரு பழைய சிஸ்கோ சுவிட்ச். சென்டோஸ் 6க்கு 2020 நவம்பரோடு அப்டேட் நின்றுவிட்டது, 2012 ஆர்2வுக்கு 2023 அக்டோபரோடு. தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த ஈஆர்பியை எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன, புதிதுக்கு மாற்றினால் பில் கட்டப்போவதும் நானில்லை.

அதனால் எல்லா இடத்திலும் ஒரே அமைப்பை வைத்திருக்கிறேன். ஆபீஸுக்குள் ஒழுங்காக அப்டேட் ஆகும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அதுதான் ஜம்ப் சர்வர். வெளியிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை, அதாவது டனல்) வழியாக முதலில் அதற்குத்தான் வர வேண்டும். பழைய மெஷின்களின் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கமாண்ட் அடிக்க நுழையும் வழி), ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்டுகள் ஜம்ப் சர்வர் வழியாக வராத எதற்கும் பதில் சொல்லாது. எதையாவது தளர்த்த வேண்டி வந்தால் அந்த ஒரு மெஷினுக்கு, அந்த ஒரு வழியில் மட்டும் தளர்த்துவேன். கீழே வருகிற எல்லாமே இந்த அமைப்பை வைத்துத்தான். கமாண்ட் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்த ஸ்டாப்பிங்கில் நிற்கிறது?

பஸ் எங்கே நின்றது என்று தெரியாமல் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. போனில் "கனெக்ட் ஆகல" என்பார்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள், அதில் இருக்கும் ஒரு வார்த்தை பாதி வேலையை முடித்துவிடும்.

'டைம்டு அவுட்' என்றால் நாம் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. மெஷின் அணைந்திருக்கலாம், வழி தவறாக இருக்கலாம், ஃபயர்வால் சத்தம் போடாமல் விழுங்கியிருக்கலாம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அல்லது ஃபயர்வால் முகத்துக்கு நேராக முடியாது என்கிறது. 'பர்மிஷன் டினைட்' என்றால் நெட்வொர்க் முழுக்கச் சரி, அடையாளத்தில்தான் சிக்கல், ஃபயர்வால் பக்கமே போகாதீர்கள். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, டினைட் என்று வந்ததற்கு ஃபயர்வாலை ஆஃப் செய்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அப்புறம் அதை ஆன் செய்ய மறந்தும் போனார்கள்.

லினக்ஸ் என்றால் எஸ்எஸ்எச் கமாண்டில் மைனஸ் வி மூன்று முறை கொடுத்துக் கடைசி வரி என்னவென்று பாருங்கள். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், கூடவே போர்ட் நம்பர். பிங் போகவில்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை வழக்கமாகவே தடுத்துத்தான் வைத்திருக்கும். அடுத்து, இதே கனெக்‌ஷனை ஜம்ப் சர்வரிலிருந்து முயன்று பாருங்கள். அங்கிருந்து போகிறது என்றால் சர்வர் நிரபராதி.

அறிகுறி: டைம்டு அவுட், வெளியிலிருந்து எதுவுமே எட்டவில்லை

கரண்ட் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். சிரிக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் முதல் கேள்வி அதுதான்.

கரண்ட் இருந்தால், ரவுட்டரின் வெளி ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது ஐபியை உங்களைப் போல் பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் வேலைக்கு ஆகாது. நேற்று வரை பொது ஐபி இருந்து, பிளான் மாற்றியதும் சிஜிநாட்டுக்குள் போய்விட்ட கதை எனக்கே நடந்தது. கஸ்டமர் கேரில் பேசியவருக்கு நான் கேட்டது என்னவென்றே புரியவில்லை.

தீர்வு, திசையைத் திருப்பிப் போடுவது. மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு சின்ன விபிஎஸ் (பொது ஐபியோடு வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து, அதைச் சந்திக்கும் இடமாக வைத்துக்கொண்டு, ஆபீஸ் பெட்டி உள்ளேயிருந்து வயர்கார்டில் அதைக் கூப்பிடும்படி செய்துவிடுங்கள். ஆபீஸ் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்று கொடுத்தால் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் போய் நாட் கதவு (பதில் திரும்பி வர ரவுட்டர் திறந்து வைக்கும் வழி) மூடாமல் இருக்கும். ஆபீஸ் ரவுட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. சிஜிநாட் நமக்கு நன்மை செய்கிற ஒரே இடம் இதுதான்.

அறிகுறி: வயர்கார்டு 'ஆக்டிவ்' என்கிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

வயர்கார்டு ஒரு அமுக்குணி. கீ தப்பாக இருந்தாலும் எரர் சொல்லாது, தெரியாதவனுக்குப் பதிலும் சொல்லாது. பாதுகாப்புக்கு அது நல்லது, பிழை தேடுகிறவனுக்குத் தலைவலி. பச்சை விளக்கை நம்பாமல் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் கீ தப்பு, இல்லையென்றால் யுடிபி போர்ட் வழியில் எங்கேயோ மூடியிருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, சர்வர் மட்டும் எட்டவில்லை என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி: உங்கள் வீட்டு ரவுட்டர் ஐபி என்ன? பாதிப் பேர் 192.168.1.1 என்பார்கள். ஆபீஸிலும் அதே 192.168.1. லேப்டாப் என்ன செய்யும், டேலி சர்வரான 192.168.1.50ஐத் தேடிப் படுக்கையறை டிவி பக்கம் போகும். ஆபீஸ் நெட்வொர்க் நம்பரை மாற்றுவதுதான் நிரந்தர வழி, ஆனால் பிரிண்டர், பயோமெட்ரிக் மெஷின், கேமரா என்று எல்லாவற்றிலும் ஐபியைக் கையால் அடித்து வைத்திருப்பார்கள், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். அதுவரை, அந்த ஆளின் வயர்கார்டு செட்டிங்கில் அலவ்டு ஐபிஸ் என்ற இடத்தில் ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் எழுதாமல் அந்த ஒரு சர்வரை மட்டும் 32 போட்டு எழுதுங்கள். குறுகலான ரூட்தான் ஜெயிக்கும் என்பதால் 50க்குப் போவது மட்டும் டனலில் போகும், மற்றது வீட்டிலேயே நிற்கும். ஆபீஸின் மற்ற மெஷின்கள் அந்த லேப்டாப்புக்குத் தெரியாமல் போவது கூடுதல் லாபம். வீட்டில் 50 என்ற ஐபியில் வேறு ஏதாவது இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, திரும்பி வரும் வழி. சர்வருக்குப் பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் பதிலை அது தன் டீஃபால்ட் கேட்வேயான ரவுட்டரிடம் கொடுக்கும், ரவுட்டருக்கு டனல் நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரியாது. ரவுட்டரில் ஒரு ஸ்டேட்டிக் ரூட் போடுங்கள். அதற்கு இடம் இல்லாத மலிவு ரவுட்டர் என்றால் ஜம்ப் சர்வரில் மாஸ்கரேட் போடுங்கள், ஆனால் அப்போது சர்வர் லாகில் எல்லாரும் ஜம்ப் சர்வர் ஐபியாகவே தெரிவார்கள், யார் வந்தது என்று பார்க்க ஜம்ப் சர்வரில் தனியாக லாக் வைக்க வேண்டி வரும்.

அறிகுறி: கனெக்ட் ஆகிறது, உடனே உறைந்துவிடுகிறது

எஸ்எஸ்எச்சில் மைனஸ் வி போட்டால் கீ எக்ஸ்சேஞ்ச் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்ற இடத்தில் நிற்கும். ஆர்டிபியில் கறுப்புத் திரை. சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை, அதாவது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். வயர்கார்டு வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். 1500லிருந்து தன் மேல்சுமையாக 80 பைட் கழித்த கணக்கு அது. பிராட்பேண்ட் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் வகை) என்றால் அடியிலேயே 1492தான், கணக்கு இடிக்க வாய்ப்பு உண்டு. சும்மா 1280 போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் அதுதான், பிறகு நிதானமாக 1412 வரை ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றாமல் விட்டாலும் டேலிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அறிகுறி: புது லேப்டாப்பிலிருந்து பழைய சர்வருக்கு 'நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்'

லேப்டாப் மாற்றிய மறுநாள் வரும் போன் இது. "பழைய லேப்டாப்புல வேலை செஞ்சுது சார், புதுசுல வரல." சர்வரில் ஒன்றுமே மாறவில்லை, மாறியது உங்கள் கிளையன்ட். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8லிருந்து ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையை வைத்துப் போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தைத் தானாக ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். சென்டோஸ் 6இல் இருப்பது 5.3, அதற்கு ஷா-1ஐத் தவிர வேறு ஆர்எஸ்ஏ கையெழுத்து போடத் தெரியாது. ஆர்எஸ்ஏ கீயே கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதே கீயை வைத்து ஷா-2 கையெழுத்து போட முடியும், ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2லிருந்து அது உண்டு. பழைய சர்வருக்கு அது புரியாது என்பதுதான் பிரச்சினை.

தேடினால் கிடைக்கும் பதில், கிளையன்ட் கான்ஃபிகில் ஹோஸ்ட் ஸ்டார் என்று போட்டு அதன் கீழே பழைய அல்காரிதத்தைச் சேர்க்கச் சொல்லும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் போகிற எல்லாச் சர்வருக்கும் அந்தத் தளர்வு போய்ச் சேரும். அந்தச் சென்டோஸ் மெஷினின் பெயரில் மட்டும் ஒரு ஹோஸ்ட் பகுதி எழுதி, ஹோஸ்ட் கீ அல்காரிதம்ஸ், பப்கீ அக்செப்டட் அல்காரிதம்ஸ் இரண்டிலும் பிளஸ் போட்டு எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏவைச் சேருங்கள். பிளஸ் முக்கியம், இல்லாவிட்டால் மற்ற எல்லாம் அழிந்து அது ஒன்றுதான் மிஞ்சும். அதே பகுதியில் பிராக்ஸி ஜம்ப் என்று ஜம்ப் சர்வர் பெயரையும் எழுதிவிட்டால், பலவீனமான அந்தக் கையெழுத்து ஆபீஸ் சுவருக்குள் மட்டும்தான் நடக்கும், வெளியே இணையத்தில் போகும் பகுதி முழுக்கப் புது அல்காரிதம்.

இதைச் செய்தும் எரர் வந்தால், அதிலும் லிப்கிரிப்டோ என்று ஏதாவது வந்தால், உங்கள் கிளையன்ட் மெஷின் ரெட்ஹேட் 9 குடும்பமா என்று பாருங்கள். அங்கே சிஸ்டம் முழுவதற்குமான கிரிப்டோ பாலிசியே ஷா-1 கையெழுத்தைத் தடுக்கிறது, எஸ்எஸ்எச் செட்டிங்கால் அதைத் தாண்ட முடியாது. பாலிசியைத் தளர்த்தலாம், ஆனால் அந்த மெஷினில் டிஎல்எஸ் உட்பட எல்லாமே தளரும். உங்கள் லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள், ஜம்ப் சர்வரில் நுழைந்து அங்கிருந்து பழைய சர்வருக்குப் போங்கள். நான் இதற்காகவே ஜம்ப் சர்வருக்கு ரெட்ஹேட் குடும்பத்தைத் தவிர்த்து டெபியன் போட்டேன்.

கீ விஷயத்தில் இன்னொரு சிக்கல். எல்லாரும் இப்போது எட்25519 என்ற புது வகைக் கீதான் உருவாக்குகிறார்கள், நல்ல பழக்கம், ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5க்கு முந்தைய எதற்கும் அது தெரியாது. பழைய மெஷினுக்கென்று தனியாக ஒரு 3072 பிட் ஆர்எஸ்ஏ கீ வைத்துக்கொள்ளுங்கள், வேறு எங்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். சிஸ்கோ சுவிட்ச் இன்னும் மோசம், டிஃபி ஹெல்மேன் குரூப் 1 கேட்கும், சில சமயம் சிபிசி சைஃபரும் கேட்கும். அதற்கும் இதே மாதிரி தனி ஹோஸ்ட் பகுதிதான்.

அறிகுறி: பர்மிஷன் டினைட், கீ சரியாகத்தானே இருக்கிறது?

கிளையன்ட் பக்கம் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், காரணம் சர்வர் லாகில் இருக்கும். உபுண்டு, டெபியனில் ஆத் லாக் அல்லது ஜர்னல், சென்டோஸில் செக்யூர். லாகில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று இருந்தால் யாரோ 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) போட்டிருக்கிறார்கள். ஃபைல் ஷேரிங் வேலை செய்யவில்லை என்று ஹோம் ஃபோல்டருக்கே 777 போட்ட ஒரு புண்ணியவானால் ஒரு சனிக்கிழமை எனக்குப் போனது. ஹோம் ஃபோல்டரை மற்றவர் எழுத முடியாதபடி வையுங்கள், டாட் எஸ்எஸ்எச்சுக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600. சென்டோஸில் அதுவும் சரியாக இருந்து டினைட் என்றால் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் காவல்), ரெஸ்டோர்கான் ஒருமுறை ஓட்டுங்கள். எஸ்இலினக்ஸையே ஆஃப் செய்யச் சொல்லும் அறிவுரைகளை நான் கேட்பதில்லை.

விண்டோஸ் சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் போட்டிருந்தால் வேறு கதை. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கும் யூசருக்கு ஹோம் ஃபோல்டரில் வைத்த கீயை அது திரும்பியே பார்க்காது. புரோகிராம் டேட்டாவுக்குள் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆத்தரைஸ்டு கீஸ் என்ற பொது ஃபைலைத்தான் படிக்கும், அந்த ஃபைலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கும் மட்டுமே உரிமை உள்ளதாக இருக்க வேண்டும். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது, இன்னும் டினைட். கடைசியில் பார்த்தால், பவர்ஷெல் 5.1இல் அம்புக்குறி போட்டு ஃபைலில் எழுதினால் யுடிஎஃப்-16இல் எழுதும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், எஸ்எஸ்எச்சுக்கு மட்டும் புரியாது. ஆஸ்கி அல்லது யுடிஎஃப்-8இல் மறுபடி சேமியுங்கள்.

'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெய்லியர்ஸ்' என்றால் உங்கள் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் (கீகளை வைத்திருக்கும் புரோகிராம்) கீ கொத்துக் கொத்தாக இருக்கிறது, சரியான கீயின் முறை வருவதற்குள் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடுகிறது. அந்த ஹோஸ்டுக்கு ஐடென்டிட்டீஸ் ஒன்லி யெஸ் போட்டு எந்தக் கீ என்றும் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: ரெஃப்யூஸ்டு, அதுவும் ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

யாரோ ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருக்கிறார், ஃபெயில்டுபேன் என்ற காவல் புரோகிராம் ஆபீஸின் பொது ஐபியையே தடை செய்துவிட்டது. பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் தானாகத் திறக்கும், அதுதான் வழக்கமான தடை நேரம். விபிஎன் நெட்வொர்க்கை இக்னோர் ஐபியில் சேர்த்து வையுங்கள். உபுண்டு 24.04இல் போர்ட் நம்பரை மாற்றிய பிறகு ரெஃப்யூஸ்டு என்றால் அது வேறு. அங்கே எஸ்எஸ்எச்சை சிஸ்டம்டி சாக்கெட்தான் எழுப்புகிறது, டீமன் ரீலோட் செய்து எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது போர்ட் வரும்.

கூடவே ஒன்று பார்த்துவிடுங்கள், இது எரராக வராத பிழை. பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் நோ என்று மெயின் ஃபைலில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்போம், ஆனால் கிளவுடில் எடுத்த உபுண்டுவில் கிளவுட்-இனிட் தனி ஃபைல் ஒன்றில் யெஸ் என்று எழுதி வைத்திருக்கலாம். அதுதான் முதலில் படிக்கப்படும், முதலில் வந்ததுதான் செல்லும். எஸ்எஸ்எச்டி மைனஸ் பெரிய டி (T) கொடுத்தால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும். ஃபைலை நம்பாதீர்கள், அதை நம்புங்கள்.

அறிகுறி: ஆர்டிபியில் கிரெட்எஸ்எஸ்பி எரர், லைசன்ஸ் எரர், பாஸ்வேர்ட் எரர்

கிரெட்எஸ்எஸ்பி என்கிரிப்ஷன் ஆரக்கிள் என்று நீளமாக எரர் வந்தால் இரண்டு பக்கமும் பேட்ச் நிலை ஒன்றாக இல்லை. 2018 மார்ச்சில் வந்த திருத்தம், மே மாதம் கட்டாயமானது. இன்றைக்கும் இது வருகிறது என்றால் யாரோ பழைய பேக்கப்பிலிருந்து சர்வரை ரீஸ்டோர் செய்திருக்கிறார்கள். கிளையன்டைத் தளர்த்தச் சொல்வார்கள், சர்வரில் என்எல்ஏவை (லாகின் திரைக்கு முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) எடுத்துவிடச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம், சர்வருக்குப் பேட்ச் போடுங்கள். இன்று ராத்திரியே உள்ளே போக வேண்டும் என்றால் உங்கள் ஒரு மெஷினில் மட்டும் தளர்த்தி, டனல் வழியாகப் போய், பேட்ச் போட்டுவிட்டு உடனே திரும்ப மாற்றுங்கள்.

லைசன்ஸ் சர்வர் இல்லை என்று வந்தால் 120 நாள் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு கீயை அழித்தால் சரியாகும் என்று எல்லாரும் சொல்லும் வழி லைசன்ஸ் மீறல், நான் செய்வதில்லை. இரண்டே பேர் நிர்வாகத்துக்காக நுழைவதென்றால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ரோலே தேவையில்லை, மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் சிஏஎல் (கிளையன்ட் ஆக்ஸஸ் லைசன்ஸ்) வாங்கித்தான் ஆக வேண்டும். இதை ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், 121ஆவது நாள் சொன்னால் கோபம் நம் மேல் திரும்பும்.

பாஸ்வேர்ட் சரி, ஆனால் உள்ளே விடவில்லை என்றால் பாஸ்வேர்ட் காலாவதி. என்எல்ஏ இருக்கும்போது லாகின் திரையில் புதியது மாற்ற வழி கிடைக்காது, அட்மின்தான் ரீசெட் செய்ய வேண்டும்.

3389ஐ 33890 ஆக மாற்றினால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். ஒரு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், 4625 என்ற தோல்வி லாகின் வரிசை ஸ்க்ரோல் செய்யச் செய்ய முடியவே இல்லை. 2019இல் பழைய விண்டோஸ்களின் ஆர்டிபியில் புளூகீப் என்ற ஓட்டை வந்தபோது பாஸ்வேர்டே தேவைப்படாது என்றும் ஆனது.

விபிஎன் இன்ஸ்டால் செய்ய உரிமை இல்லாத லேப்டாப்புக்கும், யுடிபியைத் தடுக்கும் ஹோட்டல் வைஃபைக்கும் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறேன். விபிஎஸ்ஸில் எஸ்எஸ்எச் 443இல், கீ மட்டும். அந்த ஆளின் கீ வரியின் தொடக்கத்தில் ரெஸ்ட்ரிக்ட், போர்ட் ஃபார்வர்டிங், பெர்மிட் ஓப்பன் 192.168.1.50:3389, கூடவே கமாண்ட் என்ற இடத்தில் /bin/false என்று எழுதிவிட்டால், அந்தக் கீயால் டேலி சர்வரின் ஆர்டிபிக்கு டனல் போட மட்டும்தான் முடியும், ஷெல் கிடைக்காது. விண்டோஸ் 10, 11இல் எஸ்எஸ்எச் கிளையன்ட் கூடவே வருகிறது, மைனஸ் என் (N) போட்ட கமாண்டை ஒரு .bat ஃபைலில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால் ஆடிட்டர் சார் டபுள் கிளிக் செய்தால் போதும்.

அறிகுறி: லாகின் ஆக அரை நிமிடம், அல்லது நடுவில் அறுந்துபோகிறது

அரை நிமிடத் தாமதம் என்றால் பழைய சர்வர் உங்கள் ஐபிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. யூஸ் டிஎன்எஸ் நோ, ஜிஎஸ்எஸ்ஏபிஐ ஆத்தென்டிகேஷன் நோ. சும்மா விட்டால் அறுகிறது என்றால் கிளையன்டில் சர்வர் அலைவ் இன்டர்வல் 30. நீளமான வேலை என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு எல்லாமே மறுக்கிறது

2023 டிசம்பர், மிக்ஜாம். அம்பத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப். கரண்ட் வந்ததும் எல்லா மெஷினும் எழுந்துவிட்டன, டனல் மட்டும் எழவில்லை. கீ மாறவில்லை, போர்ட் மாறவில்லை, ஹேண்ட்ஷேக் இல்லை. அங்கே ஜம்ப் சர்வராக வைத்திருந்தது ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி, அதில் பேட்டரி வைத்த கடிகாரமே கிடையாது. எழுந்தபோது அதன் மணி பின்னால் இருந்தது. வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை உண்டு, கடைசியாக வந்ததை விடப் பழைய முத்திரை வந்தால் யாரோ பழையதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்முனை ஒதுக்கிவிடும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி இருக்கிறதே என்றால், புத்திசாலித்தனமாக என்டிபி சர்வரை டனலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன். நேரம் வந்தால்தான் டனல், டனல் வந்தால்தான் நேரம். முழுக்க என் தப்பு. விபிஎஸ் பக்கம் அந்த பியரை (ராஸ்பெரி பையின் பதிவை) நீக்கி மறுபடி சேர்த்ததும் பழைய நினைவு அழிந்து ஹேண்ட்ஷேக் வந்தது.

அதற்குப் பிறகு என்டிபி எப்போதும் டனலுக்கு வெளியே. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவும் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு மணியை ஒத்துவைக்கச் சொல்கிறது, லாகை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. மணி தப்பினால் வேறு அறிகுறிகளும் வரும். மொபைல் ஆப்பில் வரும் ஆறு இலக்க ஓடிபி ஏற்கப்படாது, டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் பொறுக்காது. பழைய டவர் சர்வர் என்றால் சிமாஸ் பேட்டரியைப் பாருங்கள், ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கையோடு நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நானே என்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன்

ஃபயர்வால் ரூல் போட்டு என்டர் தட்டிய அடுத்த விநாடி திரை உறைந்தால் வயிற்றில் ஒரு குளிர் ஓடும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தூரத்திலிருந்து ரூல் மாற்றும் முன் ஏட் கமாண்டில் பத்து நிமிடம் கழித்துப் பழைய ரூல் திரும்பும்படி போட்டுவிடுங்கள், எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்துகொள்ளலாம். எஸ்எஸ்எச் செட்டிங் மாற்றினால் எஸ்எஸ்எச்டி மைனஸ் சின்ன டி (t) போட்டுச் சோதித்து, பழைய விண்டோவை மூடாமலே புது விண்டோவில் நுழைந்து பார்த்துவிட்டு அப்புறம் மூடுங்கள். ஐட்ராக், ஐஎல்ஓ மாதிரி ரிமோட் கன்சோல் உள்ள சர்வர் என்றால் அதை விபிஎன்னுக்குள் வைத்து உயிரோடு வைத்திருங்கள், இணையத்தில் நேராக வைத்துவிடாதீர்கள்.

அதுவும் இல்லாத இடத்தில், கன்சோல் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி ஓனர் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அம்பத்தூர் ஓனரின் மனைவி ஒருமுறை போனில் நான் சொல்லச் சொல்ல மானிட்டரைச் சொருகி ரூலை அழித்துக் கொடுத்தார், மொத்தம் பதினோரு நிமிடம். கவரை மாற்றிப் புது பாஸ்வேர்ட் வைக்க மறுநாளே நேரில் போனேன்.